ஞானப்பல் அறுவை சிகிச்சை: என்ன நடக்கும், எவ்வளவு ஆகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாய் அறுவை சிகிச்சை என்று சொல்லி எங்களிடம் அனுப்பப்படுகிறவர்களில் அதிகம் பேர் கீழ்த்தாடை ஞானப்பல்லுக்காக வருகிறவர்கள். அதனால் இந்தக் கேள்விகளும் அதைச் சுற்றியே இருக்கின்றன. இங்கே சொல்லும் தொகைகள் தமிழ்நாட்டில் 2025 வாக்கில் தனியார் கிளினிக்குகளில் பொதுவாகக் கேட்கப்படுபவை. ஊருக்கு ஊர், மருத்துவருக்கு மருத்துவர் கூடும், குறையும்.

பல் பிடுங்கத்தான் போனேன். அறுவை சிகிச்சை என்கிறார்கள். பயமுறுத்துகிறார்களா?

பெரும்பாலும் இல்லை. முழுதாக முளைத்த பல்லை இடுக்கியால் பிடித்து அசைத்து எடுத்துவிடலாம். ஞானப்பல் 17 வயதுக்கும் 25 வயதுக்கும் இடையில் கடைசியாக வருகிறது. பலருடைய தாடையில் அதற்குள் இடம் தீர்ந்துபோயிருக்கும். அது அடுத்த பல்லின் மீது சாய்ந்துகொள்ளும், அல்லது படுத்த வாக்கிலேயே எலும்புக்குள் நின்றுவிடும். இடுக்கிக்குப் பிடி கிடைக்காதபோது ஈறைக் கீறி, பல்லைச் சுற்றியுள்ள எலும்பைக் கொஞ்சம் குடைந்து, பல்லைத் துண்டாக்கி எடுக்க வேண்டியிருக்கிறது. கத்தி, தையல் என்று வந்துவிட்டால் அது அறுவை சிகிச்சைதான். எக்ஸ்ரேயை உங்களுக்கு எதிரே மாட்டி, பல் எப்படிக் கிடக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுக்கிற இடத்தில் உட்கார வேண்டாம்.

வலியே இல்லை. எக்ஸ்ரேயில் பார்த்துவிட்டு எடுத்துவிடலாம் என்கிறார்கள். எடுக்கத்தான் வேண்டுமா?

இதில் மருத்துவர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி உண்டு. பிரிட்டனில் அரசு மருத்துவச் சேவைக்கு வழிகாட்டும் நைஸ் அமைப்பு, நோய் எதுவும் இல்லாத ஞானப்பல்லை முன்னெச்சரிக்கையாக எடுக்க வேண்டாம் என்று 2000-ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது. மறுதரப்பின் வாதமும் லேசானதல்ல: இருபதுகளின் தொடக்கத்தில் வேர் முழுதாக வளர்ந்திருக்காது, எலும்பு இளகியிருக்கும், புண்ணும் சீக்கிரம் ஆறும், நாற்பதில் அதே பல்லை எடுப்பது கூடுதல் பாடு.

என் கணக்கு எளிது. பல்லைச் சுற்றி ஒரு முறையாவது சீழ் வைத்திருந்தாலோ, அது சாய்ந்திருக்கும் பக்கத்துப் பல்லில் சொத்தை தொடங்கியிருந்தாலோ, எக்ஸ்ரேயில் பல்லைச் சுற்றி நீர்க்கட்டி தெரிந்தாலோ தள்ளிப்போடாமல் எடுத்துவிடுங்கள். இவற்றில் ஒன்றும் இல்லையென்றால் வருடம் ஒரு முறை காட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். முன்பற்கள் கோணலாகிவிடும் என்பதை மட்டுமே காரணமாகச் சொன்னால் இன்னொரு மருத்துவரிடமும் கேளுங்கள். அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை.

கன்னம் வீங்கி, வாயே திறக்க முடியவில்லை. இன்றைக்கே எடுத்துவிடுவார்களா?

பெரும்பாலும் மாட்டார்கள். வாய் திறக்காமல் கருவி உள்ளே போகாது. சீழ் பிடித்த இடத்தில் மரத்துப்போகும் ஊசியும் சரியாக வேலை செய்யாது. முதலில் ஈறின் அடியைக் கழுவி, தேவைப்பட்டால் சீழை வெளியேற்றி, மருந்து கொடுத்து, வீக்கம் வடிந்தபின் வரச் சொல்வார்கள். சிக்கல் இங்கேதான் இருக்கிறது. வடிந்தவுடன் பல் நல்லதாகிவிட்டது போலத் தோன்றும், பாதிப் பேர் திரும்பி வருவதே இல்லை. பிறகு தீபாவளிக்கு முதல் நாளோ சொந்தத்தில் ஒரு கல்யாணத்தன்றோ மறுபடி வீங்கிக்கொண்டு வருவார்கள்.

ஒரு எச்சரிக்கை: வீங்கிய கன்னத்தின் மேல் சுடச்சுட ஒத்தடம் கொடுக்காதீர்கள். உள்பக்கம் உடைய வேண்டிய சீழ் வெளித்தோலில் உடைந்தால் முகத்தில் தழும்பு நிற்கும். பல்வலிக்கு ஆஸ்பிரின் மாத்திரையைப் பொடித்து ஈறில் வைப்பதும், மூக்குப்பொடியை அடைப்பதும் ஈறைப் புண்ணாக்குவதைத் தவிர ஒன்றும் செய்யாது.

மொத்தம் எவ்வளவு ஆகும்?

தனியார் கிளினிக்கில் சாதாரணமாகப் பிடுங்க ரூ.500 முதல் ரூ.1,500 வரை கேட்கிறார்கள். ஞானப்பல் அறுவை சிகிச்சை என்றால் ஒரு பல்லுக்கு ரூ.4,000-த்தில் தொடங்கி ரூ.12,000 வரை போகிறது. சென்னை, கோவையின் பெரிய மருத்துவமனைகளில் அதற்கும் மேலே.

மாவட்டத் தலைநகர் ஒன்றில் சாய்ந்த கீழ்ப்பல் ஒன்றை எடுப்பதாக வைத்துக்கொண்டு ஓர் உதாரணக் கணக்குப் போடுவோம். ஆலோசனைக் கட்டணம் ரூ.300. தாடை முழுவதும் ஒரே படத்தில் தெரியும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரே ரூ.500. அறுவை சிகிச்சை ரூ.7,000. மாத்திரை, வாய் கொப்பளிக்கும் மருந்து எல்லாம் சேர்த்து ரூ.450. ஆக ரூ.8,250. பல்லின் வேர் நரம்புக்கு மிக அருகில் தெரிந்தால் சி.பி.சி.டி. என்னும் முப்பரிமாண ஸ்கேன் ஒன்று கேட்பார்கள், அதற்கு ரூ.1,500 முதல் ரூ.4,000 வரை தனியாக ஆகும். எல்லோருக்கும் அது வேண்டியதில்லை. ஓ.பி.ஜி.யில் வேரும் நரம்புக் குழாயும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து தெரிகிறவர்களுக்குத்தான் அதில் பயன்.

இதில் சேராத செலவுகளும் உண்டு. ஊசி போட்ட தாடையோடு ஹெல்மெட் மாட்டி வண்டி ஓட்டிப் போக முடியாது. ஆட்டோவுக்கு எடுத்து வையுங்கள். தினக்கூலிக்காரர் என்றால் இரண்டு மூன்று நாள் கூலியும் போகும். அதையும் சேர்த்துத்தான் இது வசதிப்படுமா என்று பார்க்க வேண்டும்.

ஒரே எக்ஸ்ரேயைக் காட்டினேன். ஒருவர் 4,000 என்கிறார், இன்னொருவர் 12,000 என்கிறார். யார் ஏமாற்றுகிறார்?

இருவருமே நேர்மையாகச் சொல்லியிருக்கலாம். இந்தத் தொகைக்குள் என்னென்ன ஒளிந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

சிறிய கிளினிக்குகளில் அறுவை சிகிச்சை நிபுணர் தினமும் இருப்பதில்லை. வாரத்தில் ஒன்றிரண்டு நாள் மாலையில், தன் கருவிப் பெட்டியோடு வந்து செய்துவிட்டுப் போவார். நீங்கள் கொடுக்கும் பணம் அவருக்கும் கிளினிக்குக்குமாகப் பிரியும். கிளினிக் மருத்துவரே செய்தால் அந்தப் பங்கு மிச்சம்; கட்டணம் குறையும். பல் எப்படிக் கிடக்கிறது என்பது அடுத்தது. நேராக நின்று ஈறு மட்டும் மூடியிருக்கும் பல்லுக்குப் பதினைந்து நிமிடம் போதும். எலும்புக்குள் படுத்த பல்லுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகும். இரண்டுக்கும் ஒரே விலை சொல்கிறவர் ஏதோ ஒன்றில் கூடுதலாக வாங்குகிறார். மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாத செலவு: ஒவ்வொரு நோயாளிக்கும் உயர் அழுத்த நீராவியில் சுத்தம் செய்து உறை பிரிக்கப்படும் கருவிகள், புதிய குடைமுனை, கிருமி நீக்கிய உப்பு நீர். உறையை உங்கள் கண் முன்னால் பிரிக்கிறார்களா என்று கவனியுங்கள். விலையைவிட அதற்குத்தான் நான் முதலில் மதிப்பெண் போடுவேன்.

ஆகவே தொகையைக் கேட்கும்போதே இவற்றையும் கேளுங்கள்: எக்ஸ்ரே இதில் சேர்ந்ததா? தையல் பிரிக்கத் தனிக் கட்டணமா? மூன்றாம் நாள் வலித்தால் மறுபடி பார்ப்பதற்குப் பணம் உண்டா? சாதாரணமாகத் தொடங்கி நடுவில் எலும்பு குடைய வேண்டிவந்தால் எவ்வளவு கூடும்? பதிலை ஒரு சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை, எழுதிக் கொடுப்பவர்களுக்கும் அது பாதுகாப்பு. ஜி.எஸ்.டி. என்று ஒரு வரி சேர்த்திருந்தால் என்ன காரணம் என்று கேளுங்கள். நோய்க்கான சிகிச்சைக்கு அந்த வரியிலிருந்து விலக்கு இருக்கிறது.

அரசு மருத்துவமனையில் செய்துகொள்ளலாமா?

தாராளமாக. சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி 1953-இல் தொடங்கியது. சிதம்பரத்திலும் புதுக்கோட்டையிலும் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. மற்ற ஊர்களில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் பல் பிரிவு உண்டு. செலவு அநேகமாக இல்லை. கையில் இருக்க வேண்டியது பொறுமை. காலையிலேயே போய்ச் சீட்டு வாங்கி, எக்ஸ்ரேக்கு ஒரு வரிசை, முடிவுக்கு ஒரு வரிசை, அறுவை சிகிச்சைக்கு வேறொரு நாள் என்று போகும்.

மாணவர்கள் கை வைப்பார்களே என்று பலர் தயங்குகிறார்கள். ஞானப்பல் அறுவை சிகிச்சையைச் செய்பவர்கள் பட்டமேற்படிப்பு மாணவர்கள், அதாவது ஏற்கெனவே பல் மருத்துவர்களானவர்கள். பேராசிரியர் அதே அறையில் இருப்பார். நாள்தோறும் இதையே பார்க்கிற இடம் அது. தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளும் இப்படித்தான். கிளினிக்கை விடக் குறைந்த கட்டணத்தில் செய்கிறார்கள். நேரம் மட்டும் கூடுதலாகும்.

காப்பீட்டில் கிடைக்குமா?

தனியார் மருத்துவக் காப்பீட்டை நம்பி இறங்காதீர்கள். விபத்தில் அடிபட்டால் தவிர, பல் சிகிச்சையைப் பெரும்பாலான பாலிசிகள் விலக்கி வைத்திருக்கின்றன; படுக்கையில் சேராமல் செய்யும் சிகிச்சைக்கும் பொதுவாகப் பணம் வராது. புறநோயாளி செலவுக்கென்று தனிப் பிரிவு சேர்த்து வாங்கியிருந்தால் அந்தத் தாளைப் படித்துப் பாருங்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை உண்டு. தாடை எலும்பு முறிவு, வாய்ப் புற்றுநோய் போன்ற பெரிய அறுவை சிகிச்சைகளுக்கு அது கைகொடுக்கும். ஒரு ஞானப்பல்லுக்கு அந்த அட்டையை எடுத்துக்கொண்டு போவதற்கு முன் மருத்துவமனையில் இருக்கும் திட்ட அலுவலரிடம் கேட்டுவிடுங்கள். மாத ஊதியம் ரூ.21,000 வரை வாங்கும், இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ள தொழிலாளர்கள் இ.எஸ்.ஐ. மருத்துவமனையின் பல் பிரிவுக்குப் போகலாம். சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கிறார்கள். பல் பிரிவு இருப்பதே பலருக்குத் தெரியவில்லை.

யார் செய்ய வேண்டும்? எல்லாப் பல் மருத்துவரும் செய்யலாமா?

பி.டி.எஸ். படித்த மருத்துவர் எளிதான ஞானப்பல்லை எடுக்கலாம். பலர் நன்றாகவே எடுக்கிறார்கள். ஆழமாகப் புதைந்தது, நரம்பை ஒட்டியது என்றால் அதன்பின் மூன்று ஆண்டு வாய் முகத் தாடை அறுவை சிகிச்சையில் எம்.டி.எஸ். முடித்தவர் செய்வது நல்லது. எம்.டி.எஸ். என்று பலகையில் இருந்தால் மட்டும் போதாது. எந்தத் துறையில் என்று பாருங்கள். பல் சீரமைப்பிலும் எம்.டி.எஸ். இருக்கிறது. தமிழ்நாடு பல் மருத்துவ மன்றத்தின் பதிவு எண் சீட்டில் இருக்க வேண்டும்.

முன்கூட்டியே எதையெல்லாம் சொல்ல வேண்டும்?

சாப்பிடும் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். பல்லுக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று மறைப்பவர்கள்தான் எங்களைக் கதிகலங்க வைக்கிறவர்கள்.

இதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவர்கள் ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் சாப்பிட்டால் தாமாகவே நிறுத்தக் கூடாது. பல் எடுத்த இடத்தில் கூடுதலாக ரத்தம் வந்தால் அழுத்தியும் தைத்தும் நிறுத்திவிடலாம். ஸ்டென்ட் அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், அசிட்ரோம் சாப்பிடுகிறவர்களுக்கு, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனை முதலில். செயற்கை இதய வால்வு உள்ளவர்களுக்கு அறுவை சிகிச்சைக்கு முன்பே ஒரு வேளை நோய்க்கிருமிக் கொல்லி மருந்து தர வேண்டும். சர்க்கரை நோயாளிகள் சமீபத்திய அளவைக் கொண்டுவாருங்கள்.

இன்னொன்று, பலரும் சொல்ல மறப்பது: எலும்புத் தேய்மானத்துக்கு வருடம் ஒரு முறை நரம்பு வழியாக ஏற்றும் மருந்து அல்லது வாரம் ஒரு முறை சாப்பிடும் மாத்திரை. இவற்றில் சில, பல் எடுத்தபின் தாடை எலும்பு ஆறாமல் செத்துப்போக வழி செய்யும். அம்மா, பாட்டியை அழைத்து வருகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். கழுத்து, தாடையில் கதிர்வீச்சு சிகிச்சை எடுத்திருந்தாலும் அப்படியே. கர்ப்பிணிகளுக்குத் தள்ளிப்போட முடியாவிட்டால் நான்கு முதல் ஆறாம் மாதம் வரையிலான காலம் ஏற்றது.

பான் மசாலா, ஹான்ஸ் பழக்கம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். தடை இருந்தும் இதெல்லாம் எங்கே கிடைக்கிறது என்று எங்களுக்கும் தெரியும், திட்டமாட்டோம். கன்னத் தசை நார்போல இறுகி வாய் இரண்டு விரல் அளவுகூடத் திறக்காமல் போனவர்களுக்கு அறுவை சிகிச்சைத் திட்டமே மாறும்.

வெறும் வயிற்றில் வர வேண்டுமா?

மரத்துப்போகும் ஊசி மட்டும் என்றால் வேண்டாம். நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். அடுத்த சில மணி நேரத்துக்குச் சாப்பிட முடியாது. பட்டினியோடு வந்து நாற்காலியில் மயங்கி விழுகிறவர்கள் உண்டு. முழு மயக்கம் கொடுப்பதாக இருந்தால் மட்டும் ஆறு மணி நேரம் திட உணவு கூடாது.

மயக்க மருந்து கொடுத்தே செய்துவிட முடியாதா?

முடியும். மயக்க மருந்து நிபுணர், அறுவை அரங்கு, ஒரு நாள் படுக்கை எல்லாம் சேர்ந்து ரூ.40,000-ஐ எளிதில் தாண்டும். ஆழமான பல் நான்கையும் ஒரே நாளில் எடுப்பவர்களுக்கும், பயத்தால் வாயைத் திறக்கவே முடியாதவர்களுக்கும் அது தேவைப்படலாம். ஒரே ஒரு பல்லுக்கு அவ்வளவு செலவு செய்ய நான் சொல்லமாட்டேன்.

நாற்காலியில் உட்கார்ந்தபின் என்ன நடக்கும்? ஒளிக்காமல் சொல்லுங்கள்.

முதலில் ரத்த அழுத்தம் பார்ப்பார்கள். பிறகு ஊசி. தாடையின் பின்கோடியில் போடும் ஊசிதான் அன்றைய தினத்தின் மிகப் பெரிய வலி, அதுவும் சில நொடிகள். மருந்தில் அட்ரினலின் கலந்திருப்பதால் ஓரிரு நிமிடம் நெஞ்சு படபடக்கும், பயப்பட வேண்டாம். ஐந்து நிமிடத்தில் கீழுதடு தடித்துத் தொங்குவது போலிருக்கும், நாக்கின் பாதி காணாமல் போகும். கூரான கருவியால் ஈறைக் குத்தி, வலிக்கிறதா என்று கேட்பார்கள். வலித்தால் வலிக்கிறது என்று சொல்லுங்கள். வீரம் காட்டினால் நடுவில் நிறுத்த வேண்டிவரும்.

அதன்பின் முகத்தைத் துணியால் மூடுவார்கள். கீறுவது தெரியாது. குடையும் கருவியின் சத்தம் மட்டும் மண்டைக்குள் கேட்கும், கூடவே எலும்பு சூடாகாமலிருக்க விடும் தண்ணீர் தொண்டைப் பக்கம் வரும். மூக்கால் மூச்சுவிட்டுக்கொண்டே இருங்கள். தண்ணீரை உதவியாளர் குழாயால் உறிஞ்சிவிடுவார். அடுத்து, நெம்புகோலைச் செருகித் திருப்பும்போது படார் என்று ஒரு சத்தம். பலர் தாடையே உடைந்துவிட்டது என்று எழுந்து உட்காரப் பார்ப்பார்கள். அது பல் இரண்டாகப் பிளக்கும் சத்தம். அந்தச் சத்தத்துக்குத்தான் மருத்துவர் காத்திருப்பார். இழுப்பது, தள்ளுவது, தாடையை யாரோ அழுத்திப் பிடிப்பது எல்லாம் தெரியும். அழுத்தத்தை ஊசி மரத்துப்போகச் செய்யாது, வலியை மட்டும்தான். அழுத்தம் வலியாக மாறினால் இடது கையைத் தூக்குங்கள், இன்னும் கொஞ்சம் மருந்து போடுவார்கள். வலது கையைத் தூக்கினால் கத்தி பிடித்த கையில் இடிக்கும்.

துண்டுகள் வந்தபின் குழியைக் கழுவி, இரண்டு மூன்று தையல் போட்டு, பஞ்சை வைத்துக் கடிக்கச் சொல்வார்கள். கறுப்புப் பட்டு நூல் என்றால் ஏழாம் நாள் பிரிக்க வர வேண்டும். அதுவரை நூலின் நுனி பூனை மீசை போல நாக்கைக் குத்திக்கொண்டே இருக்கும். தானே கரையும் நூல் வேண்டுமென்றால் முன்பே கேளுங்கள். சில இடங்களில் அதற்குக் கூடுதலாக ஓரிரு நூறு ரூபாய்.

மேல்வாய்ப் பல்லை எடுத்தால் கண்பார்வை போய்விடுமாமே?

போகாது. மேல்பல்லுக்கான நரம்பும் பார்வைக்கான நரம்பும் வேறு வேறு. இந்தப் பயத்தால் சொத்தையை முற்றவிட்டுக் கண்ணுக்குக் கீழே வரை வீங்க வைத்துக்கொண்டு வருகிறவர்களை இன்றும் பார்க்கிறோம். மேல்பல்லில் உண்மையான கவலை ஒன்று உண்டு. அதன் வேர்களுக்கு மேலே சைனஸ் என்னும் காற்றறை இருக்கிறது. அபூர்வமாக இடையிலுள்ள எலும்பில் துளை விழுந்து, குடிக்கிற தண்ணீர் மூக்கு வழியாக வரும். அப்படி வந்தால் மூக்கைச் சிந்தாமல் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

உதடு நிரந்தரமாக மரத்துப்போகுமா?

கீழ்ப்பல்லின் வேர்களுக்கு அடியில், எலும்புக்குள், கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி தரும் நரம்பு ஓடுகிறது. நாக்கின் நரம்பும் பல்லுக்கு உள்பக்கமாக மிக அருகில் போகிறது. இவை நசுங்கினால் சில வாரமோ சில மாதமோ மதமதப்பு இருக்கும். பெரும்பாலோருக்குத் தானாகத் திரும்பிவிடும்; நிரந்தரமாக நின்றுவிடுவது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. இது உணர்ச்சி நரம்பு என்பதால் வாய் கோணாது. ஆனால் காபி சூடா என்று உதட்டுக்குத் தெரியாது, சவரம் செய்யும்போது வெட்டிக்கொள்வது தெரியாது. ஒப்புதல் படிவத்தில் இது எழுதியிருக்கும். கையெழுத்துக்கு முன் என் பல்லில் இந்த ஆபத்து எவ்வளவு என்று கேளுங்கள். வேர் நரம்பைத் தொட்டுக்கொண்டிருந்தால் பல்லின் தலையை மட்டும் வெட்டி எடுத்து, வேரை அப்படியே விட்டுவிடும் முறையும் இருக்கிறது.

வீட்டுக்கு வந்த முதல் நாள் என்ன செய்வது?

பஞ்சை முக்கால் மணி நேரம் அழுத்திக் கடியுங்கள், பிறகு எடுத்துப் போடுங்கள். நிமிடத்துக்கு ஒரு முறை எடுத்து ரத்தம் நின்றதா என்று பார்த்தால் நிற்காது. எச்சிலைத் துப்பாமல் விழுங்குங்கள். துப்பினாலும், ஸ்ட்ரா போட்டு உறிஞ்சினாலும், கொப்பளித்தாலும் குழியில் உறைந்த ரத்தம் பெயர்ந்து வந்துவிடும். அந்த உறைவுதான் எலும்புக்குப் போர்வை. எச்சிலில் லேசான சிவப்பு மறுநாள் வரை இருக்கலாம். தலையணையில் கறை படும், பழைய துணியை விரியுங்கள்.

கன்னத்துக்கு வெளியே ஐஸ் ஒத்தடம், பத்து நிமிடம் வைத்துப் பத்து நிமிடம் விட்டு. மரப்பு அடங்குவதற்குள் முதல் வலி மாத்திரையைப் போட்டுவிடுங்கள். மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரை வாயில் வைத்திருந்து மெல்ல வெளியே விடலாம்.

என்ன சாப்பிடலாம்?

முதல் நாள் ஐஸ்கிரீம், மோர், ஆறின கஞ்சி, இளநீர் (டம்ளரில் ஊற்றி). மறுநாள் குழைந்த தயிர் சாதம், பாலில் ஊறிய இட்லி, ரவைக் கஞ்சி. சூடான ரசம் இரண்டு நாள் வேண்டாம். உதடும் கன்னமும் மரத்திருக்கும்போது எதையும் மெல்லாதீர்கள், குழந்தைகள் மட்டுமல்ல பெரியவர்களும் தம் கன்னத்தையே கடித்துப் புண்ணாக்கிக்கொள்கிறார்கள். முறுக்கு, பொரி, எள்ளுருண்டை இரண்டு வாரம் கழித்து. எள் ஒன்று குழிக்குள் போனால் எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

எத்தனை நாள் விடுப்பு போட வேண்டும்?

வீக்கம் முதல் நாளைவிட இரண்டாம், மூன்றாம் நாள்தான் உச்சத்தில் இருக்கும். அது தெரியாமல் ஞாயிற்றுக்கிழமை செய்துகொண்டு செவ்வாய்க்கிழமை கல்யாண வரவேற்புக்குப் போகத் திட்டமிடுகிறவர்கள் உண்டு. மேசை வேலை என்றால் மூன்று நாள். வெயிலில் மூட்டை தூக்குவது போன்ற வேலை, ஆசிரியர், விற்பனைப் பிரதிநிதி போல நாள் முழுக்கப் பேச வேண்டிய வேலை என்றால் ஐந்து நாள். வாய் முழுதாகத் திறக்க ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். கன்னத்தில் மஞ்சளும் பச்சையுமாக நிறம் இறங்கினால் அது உள்ளே கசிந்த ரத்தம் கலைவது, தானே போய்விடும்.

மூன்று நாள் நன்றாக இருந்தது. இப்போது காது வரை வலிக்கிறது. ஏன்?

உறைந்த ரத்தம் கரைந்து, குழியில் எலும்பு வெறுமனே கிடக்கிறது என்று அர்த்தம். மூன்றாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் இடையில் வரும். வாய் நாறும், மாத்திரைக்கு அடங்காது. கீழ் ஞானப்பல்லில்தான் இது அதிகம், புகைபிடிப்பவர்களுக்கு இன்னும் அதிகம், கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கும் வாய்ப்புக் கூடுதல். வீட்டில் உட்கார்ந்து மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். மருத்துவர் குழியைக் கழுவி, கிராம்பு எண்ணெய் கலந்த மருந்துத் துணியை வைத்தால் நாற்காலியிலேயே பாதி வலி இறங்கிவிடும். வாய் முழுக்கக் கிராம்பு வாசனை இரண்டு நாள் இருக்கும்; யாரும் குறை சொன்னதில்லை.

சிகரெட்? மது?

சிகரெட் குறைந்தது மூன்று நாள் கூடாது, ஒரு வாரம் என்றால் நல்லது. மெட்ரோனிடசோல் மாத்திரை கொடுத்திருந்தால் அது முடிந்து மூன்று நாள் வரை மது கூடாது. குமட்டலும் வாந்தியும் புரட்டி எடுக்கலாம்.

இத்தனை மாத்திரைகள் தேவையா?

வலிக்குப் பெரும்பாலோருக்கு இப்யூப்ரோஃபனும் பாராசிட்டமாலும் போதும். வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்கள் இப்யூப்ரோஃபனுக்கு முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். அமாக்சிசிலின் போன்ற நோய்க்கிருமிக் கொல்லிகள் எல்லோருக்கும் கட்டாயமில்லை; எழுதியிருந்தால் சொன்ன நாள் வரை சாப்பிடுங்கள். பெனிசிலின் ஒவ்வாமை இருந்தால் சீட்டு எழுதும் முன்பே சொல்லிவிடுங்கள். மக்கள் மருந்தகத்திலோ 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலோ கம்பெனிப் பெயருக்குப் பதில் மருந்தின் மூலப்பெயரைச் சொல்லி வாங்கினால் செலவு நன்றாகக் குறையும். அதற்காகவே மூலப்பெயரில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

எப்போது உடனே ஓட வேண்டும்?

புதிய பஞ்சை அரை மணி நேரம் அழுத்திக் கடித்தும் வாய் நிரம்ப ரத்தம் வந்தால். மூன்று நாளுக்குப் பிறகு வீக்கம் வடியாமல் ஏறிக்கொண்டே போனால், காய்ச்சல் குளிரோடு வந்தால். இவற்றுக்குச் செய்த மருத்துவரிடமே போகலாம். தாடைக்கு அடியில் இருபுறமும் கல் போல வீங்கி, நாக்கு மேலே தூக்கி, எச்சில் விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமானால் கிளினிக் திறக்கக் காத்திருக்காதீர்கள். 108-ஐ அழைத்துப் பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். சீழ் மூச்சுக்குழலை அடைக்க அதிக நேரம் எடுத்துக்கொள்ளாது.

நான்கு பல்லையும் ஒரே நாளில் எடுத்துவிட்டால் செலவு குறையுமா?

கொஞ்சம் குறையும். ஊசி மட்டும் போட்டுச் செய்வதானால் ஒரு நாளில் ஒரு பக்கம், மேலும் கீழும், என்பது என் விருப்பம். மறுபக்கத்தால் மெல்லலாம். இரண்டு பக்கமும் வீங்கினால் வாரம் முழுக்கக் கஞ்சிதான்.

எடுத்த இடத்தில் செயற்கைப் பல் வைக்க வேண்டுமா?

ஞானப்பல்லுக்கு வேண்டாம். மெல்லும் வேலையை மற்றக் கடைவாய்ப் பற்கள் பார்த்துக்கொள்ளும். அந்தக் குழி சில மாதங்களில் எலும்பாகி மூடிவிடும். அதற்கு முன்னால் உள்ள பல்லையும் சேர்த்து எடுக்க நேர்ந்தால் கதை வேறு: அந்த இடத்துக்கு, எலும்பில் திருகிப் பொருத்தும் இம்பிளான்ட் என்றால் ரூ.20,000-க்கு மேல், பக்கத்துப் பல்லைப் பிடித்துக் கட்டுவது அதைவிடக் குறைவு. எடுத்த அன்றே முடிவு செய்ய அவசரமில்லை. ஞானப்பல் இருந்த இடத்துக்கே இம்பிளான்ட் மதிப்பீடு போட்டுக் கொடுத்தால் அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வேறு மருத்துவரிடம் காட்டுங்கள்.